ஏழாம் தேதி வரை

இரண்டு கணக்குகளுக்கும் நடுவே
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
ஒன்று பணம் கட்டாத டியூஷன் சென்டர்,
மற்றது அவனியாபுரத்துக் கல்யாண மண்டபம்.
நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது.
மத்தியானம் மூன்றரை. காளவாசல் சிக்னலில் ஏதோ சண்டை.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே
ஆம் என்று தட்டிவிட்டேன்.

போனது மண்டபம்.

பேக்கப் இருக்கிறது, பயமில்லை
என்று எனக்கே சொல்லிக்கொண்டு திறந்தால்
ஏப்ரல் ஏழு, அதிகாலை இரண்டேகால்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
டிஸ்க் நிரம்பிவிட்டதென்று
பதினேழு நாளும் தவறாமல் மெயில் போட்டிருக்கிறது சர்வர்.
பதினேழையும் படிக்காமல் வைத்திருந்தவன் நான்.

இருப்பதை ஏற்றினேன்.
நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது.
கீழே டயர் கடைக் கம்ப்ரசர் மூன்று முறை ஓடி ஓய்ந்தது,
டீ ஆறி ஆடை கட்டியது,
அது அங்கேயே நின்றது.
பிறகு என்ன நினைத்ததோ, ஒரே தாவல், எழுபது.
வாழைமரம் கட்டிய வாசல் படம் முதலில் வந்தது.
பந்தி நடக்கிற படம், வாடகை விவரம்,
கடைசியில் தேதிகள்.

விட்டுப்போன நாட்களை
மேனேஜர் சோணைமுத்து போனில் வாசித்தார்.
"எழுதிக்க தம்பி.
ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு,
ஆவணி அஞ்சு, காதுகுத்து, பாதி அட்வான்ஸ்.
அடுத்தது... இரு, கார்பன் சரியா விழுகல."
ராத்திரி பதினொரு மணி வரை எழுதினேன்.
பிடித்த தேதிகளெல்லாம்
ரசீதுப் புத்தகத்தில் இருந்தன.
விட்ட தேதிக்கு யார் ரசீது போடுகிறார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு
சர்வர் தன் வேலையைச் செய்தது.
யோகநந்தினி, தவசிராஜ்.
உங்கள் திருமணத்திற்கு
இன்னும் முப்பது நாட்களே, வாழ்த்துகள்!
போன வருஷம் நான் எழுதிக் கொடுத்த வாசகம்தான்.
ஆச்சரியக்குறியும் நான் போட்டது.

சோணைமுத்து என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.
"நீங்கதான் கம்ப்யூட்டரா?"
"ஆமாங்க."
"மெசேஜ் வந்துச்சு. எங்களுது நின்னுபோச்சு.
அட்வான்ஸ்கூட திருப்பி வாங்கியாச்சு."
சர்வர், டிஸ்க், பேக்கப் என்று ஏதேதோ உளறினேன்.
குறுக்கே பேசாமல் கேட்டாள்.
"அப்ப, எந்தத் தேதிக்குத் திரும்பிப் போயிருக்கு?"
"ஏழாம் தேதி. விடியக்காலம் ரெண்டேகாலு."
"எட்டாந்தேதி சாயங்காலம்தான்
அவங்க வந்து சொன்னாங்க."
கொஞ்ச நேரம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.
"ஏழாந்தேதி நான்
பிளவுஸ் தைக்கக் குடுத்துட்டு வந்தேன்."

என்ன சொல்வது, தெரியவில்லை.
உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன்.
"அப்பா போனுக்கும் வந்துருக்கு.
அதையும் அங்கேருந்து அழிக்க முடியுமாண்ணே?"
"அனுப்புனத அழிக்க முடியாதும்மா."
"சரி. குளிக்கப் போயிருக்காரு,
இன்னும் பாக்கல.
நானே அழிச்சுக்கிறேன்."

வைகாசி பதினொன்று
மஞ்சள் கட்டமாக இருந்தது.
தொட்டேன்.
நிச்சயமாக நீக்கவா என்று
அதே குரலில், அதே இரண்டு பொத்தானோடு கேட்டது.
பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்,
முதல் வகுப்புப் பையன் மாதிரி,
தேதியையும், மாப்பிள்ளை பெயரையும்.
ஆம்.
கட்டம் வெள்ளையானது.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது, சோணைமுத்து.
"தம்பி, வைகாசி பதினொண்ணு கேட்டு
ஒரு பார்ட்டி கையில பணத்தோட நிக்கிது. போட்ரவா?"
கொஞ்சம் பொறுங்கண்ணே என்றேன்.
பழைய லாக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து
அழித்து
டிஸ்க்கில் இடம் பண்ண ஆரம்பித்தேன்.